நாலு கோடு தள்ளி ஓடிய குதிரை

இரண்டு மாதத்துக்கு முன் ஜெசிந்தா என்கிற கிட்டார் ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பேசினார். பெரம்பூரில் வகுப்பு நடத்துகிறவர். எங்கள் கம்பெனி வெளியிட்ட பழைய கேசட் ஒன்று நடைபாதைக் கடையில் அவருக்குக் கிடைத்திருக்கிறது. கேட்டுக் கேட்டே அதிலுள்ள எல்லாவற்றையும் வாசிக்கப் பழகிவிட்டார். பாட்டு என்று சொன்னாலும் அவற்றில் வார்த்தை கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. கௌதமன் என்பவர் வாசித்த ஒற்றைக் கிட்டார்தான்.

"சார், கடைசியில வர்ற குதிரை இருக்கில்ல, அதுக்கு கௌதமன் சார் கேப்போ எங்க போட்டாரு? ரெண்டாவது ஃப்ரெட்ல போட்டா கேசட்டுக்குக் கிட்ட வருது. ஆனா ஒரு நூல் தூக்கலா நிக்குது. உங்களைக் கேட்டா தெரியும்னு அவரோட வீட்டம்மா சொன்னாங்க."

கேப்போ என்பது கிட்டாரின் கழுத்தில், ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகளுக்கு இடையே மாட்டும் ஒரு கவ்வி. மாட்டினால் எல்லாத் தந்திகளின் சுருதியும் ஒன்றுபோல் ஏறும். கௌதமன் அந்தப் பதிவில் கேப்போ போடவே இல்லை. சுருதியை ஏற்றியது நான்.

டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரேடியோ மெக்கானிக் டிப்ளமா, கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒயர் இழுத்த எட்டு மாதம், அப்புறம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கேசட் கம்பெனியின் முதல் மாடி. அங்கே பத்தொன்பது வருடம். கேசட் விற்பது நின்றதும் கம்பெனி நின்றது. ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓய்வுபெற்றவன் ஆனேன். பக்திப் பாட்டு, கானா, மாதா கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாம் பதிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் டைரியில் ஒரு பக்கம்: யார், எந்த மைக், எத்தனை அங்குலம் தள்ளி, என்ன சுருதி, ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி. பக்கத்தின் அடியில் 'வேகம்' என்று ஒரு வரி. அந்த வரியில் பத்தொன்பது வருடமும் ஒரே சொல்தான் எழுதினேன்: வழக்கம்போல்.

அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் எங்கள் முதலாளி. காலை பத்தே முக்காலுக்கு வருவார். செருப்பை வாசலில் விட்டதும், திரும்பப் போகும்போது போட்டுக்கொள்ள வசதியாகத் தெருப் பக்கம் திருப்பி வைப்பார். வாயில் கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் பாட்டையும் அரை நிமிடத்துக்கு மேல் அவர் கேட்டதும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி, காது பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "சரி பண்ணிடுங்க சம்பந்தம்" என்பார். எது சரியில்லை என்று சொல்ல மாட்டார். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கடைக்காரன் பஸ் ஸ்டாண்டுல பத்து செகண்ட் போட்டுக் காட்டுவான். இந்தாண்ட லாரி ஹாரன், அந்தாண்ட மீன் ஏலம். அதுக்கு நடுவுல பளிச்சுனு காதுல ஏறணும்." இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. கேசட்டுகளில் நகலெடுக்கும்போது, மூலப் பதிவான மாஸ்டர் நாடாவை ஓட்டும் மெஷினில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. நடுவில் பூஜ்யம், இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள். எங்கள் கம்பெனியில் அது எப்போதும் வலப்பக்கம் ரெண்டு கோடு தள்ளியே நிற்கும். நாடா வேகமாக ஓடினால் சுருதியும் கூடவே ஏறும். தொண்டை கட்டினவன் குரல் திறந்துகொள்ளும். ஐம்பது வயதுப் பாடகர் முப்பது வயதுக்காரராகக் கேட்பார். யாரும் குறை சொன்னதில்லை. பாடினவர்களே கேசட்டைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள்.

கௌதமன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. வீடு வியாசர்பாடி குடியிருப்பில். பழுதாகி ஏழு வாரம் நின்ற ஒரு கப்பலின் மாலுமி, விரலால் கிட்டார் வாசிக்கிற முறையை இவருக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தான். கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடையைப் பார்த்துக்கொள்ளும்; மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கும். ஒரு ஆள் வாசிப்பது இரண்டு ஆள் வாசிப்பதுபோல் இருக்கும். இதற்காக வலது கையில் நகம் வளர்த்திருந்தார். நகம் உடையக்கூடாது என்று வேலை நேரத்தில் அந்தக் கைக்கு மட்டும் உறை. "கல்யாணப் பொண்ணு வந்துகினு கீது, மருதாணி கலைஞ்சிரப் போவுது, தள்ளி நில்லுங்கடா" என்று ஷெட்டில் கத்துவார்களாம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

பார்த்ததையும் படித்ததையும்தான் வாசிப்பார். புளியந்தோப்பில் பழைய பேப்பர் கடையில் எடுத்த ஒரு நாவல், ஏதோ குளிர்நாட்டுக் கதையின் மொழிபெயர்ப்பு, அட்டையும் முதல் இருபது பக்கமும் இல்லாதது. அதில் ஒரு தபால்காரன், செத்துப்போனவனுக்கு வந்த கடிதத்தோடு பனியில் நடக்கிற அத்தியாயம். கௌதமன் அதைக் கிட்டாரில் வாசித்தார். நாவலின் பெயர் கடைசி வரை அவருக்குத் தெரியாது.

அவருடைய பெரிய வேலை குதிரை. வியாசர்பாடியில் ஒரு பௌத்த விகாரத்தின் பின்சுவரில், சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் எனாமல் பெயிண்டில் வரைந்த படம் அது. அரண்மனையைத் துறந்து போகிற இளவரசரை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, வெறும் சேணத்தோடு திரும்பி வரும் வெள்ளைக் குதிரை. எல்லோரும் முன்பக்கம் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் பின்பக்கம் போய் நிற்பார்.

"அவுரு போய்ட்டாரு, அவுருக்கு ஞானம் கெடச்சிது. இதுக்கு இன்னா கெடச்சிது சொல்லு?" என்று என்னைக் கேட்டார். "காலி முதுகோட வூட்டுக்கு வரணும். வாசல்ல அல்லாரும் நிப்பாங்கோ. எங்க அவருன்னு கேப்பாங்கோ. அது இன்னா சொல்லும்?"

அந்தப் பாட்டுக்காக ஆறாவது தந்தியை, தடித்த தந்தியை, நாலு படி இறக்கியிருந்தார். தந்தி தொய்ந்து தொங்கியது. தட்டினால் ஒலி உடனே எழாது. கொஞ்சம் பிந்தி, களைத்த குளம்பு மண்ணில் பதிகிற மாதிரி வரும். அடுத்த அடி வருமா வராதா என்று நம்மைக் காக்கவைக்கும்.

இதை எங்கள் கூடத்தில் பதிவு செய்ய வழியே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் வரிசைகட்டி நிற்கும். பாடகர் மைக்கை விழுங்குகிற மாதிரி பாடினால் லாரி தெரியாது. ஒற்றைக் கிட்டார் அப்படி இல்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். பிறகு கன்டெய்னர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று நாள் சாலை செத்துக் கிடந்தது. எங்கள் பார்சல் வேனும் ஓடவில்லை. "சும்மா கெடக்குற ரூம்தானே, எடுத்துக்குங்க" என்றார் முதலாளி. கௌதமன் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மூன்று நாள் வேலையை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். சட்டைப் பொத்தான் கிட்டார் பலகையில் உரசியது. சட்டையைக் கழற்றச் சொன்னேன், பனியனோடு உட்கார்ந்தார். நாற்காலி முனகியது, அரிசி மூட்டைச் சாக்கை நாலாக மடித்துக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். மைக், கழுத்தும் உடலும் சேரும் இடத்திலிருந்து பதினோரு அங்குலம். ஊதுகுழலில் சுருதி கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஆறாம் தந்தியைச் சரிபார்த்தேன். வியர்வை முழங்கையில் வழிந்து கிட்டாரில் சொட்டும். துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். குதிரையை மட்டும் பதினான்கு முறை எடுத்தோம். பதினான்காவது முறை ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. கடைசி ஒலி அடங்கியதும் இருவரும் அசையவில்லை. தூரத்தில் ஒரு காகம் கத்தியது. அதையும் நாடாவில் விட்டுவைத்தேன்.

கிளம்பும்போது கௌதமன் சொன்னார். "மாமு, உங்க மொதலாளி எல்லாத்தையும் கொஞ்சம் தூக்கிவுடுவாருன்னு கானா பசங்க சொல்றாங்கோ. மத்ததுக்கு இன்னா வேணா பண்ணிக்க. குதிரைய மட்டும் தூக்காத. தந்தி எம்மாந்தூரம் தொங்குதோ அம்மாந்தூரம் தொங்கணும்."

"தூக்க மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கேசட்டின் இரண்டாம் பக்கம் முப்பத்திரண்டு நிமிடம் ஐம்பது நொடி வந்தது. பக்கத்துக்கு முப்பது நிமிடமாக வெட்டிச் சுற்றிய காலிக் கேசட்டுகள்தான் எங்களிடம் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபதுக்கு, இதை முதலாளியிடம் சொன்னேன். குதிரையின் முதல் அரை நிமிடத்தைக் கேட்டார். ஹெட்போனைத் துடைத்தார்.

"ரெண்டு கோட்டுல அடங்காதா?"

"அடங்காது. ஒண்ணேகால் நிமிஷம் மிஞ்சும்."

"அப்ப நாலு வெச்சுக்குங்க. இல்லன்னா கடைசி ஐட்டத்தை எடுத்துடுங்க. எதுவா இருந்தாலும் நாலு மணிக்கு மெஷின் ஓடணும். சரி பண்ணிடுங்க சம்பந்தம்."

"கௌதமனை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"தாராளமா கேளுங்க. யார் வேணாம்னா?"

இதை நான் இங்கே எழுதியாக வேண்டும். முதலாளி தடுக்கவில்லை. எனக்கு நாலு மணி நாற்பது நிமிடம் இருந்தது. துறைமுக வாசலுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி. வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஷெட்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போய்க் கேட்டுத் திரும்பிவந்து சாப்பிடவும் நேரம் இருந்தது.

நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, நகலெடுக்கும் மெஷின்களில் நாடா உரசி ஓடும் ஹெட்டுகளைத் துடைக்கிற நாள். ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு, எட்டு மெஷினையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். டைரியில் எழுதினேன்: 'எட்டு ஹெட், சுத்தம்.' பிறகு எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டேன். மூன்று ஐம்பதுக்குத் திருகை நாலாவது கோட்டுக்குத் தள்ளினேன்.

ஹெட் துடைக்கிற வேலை என்னைப் பிடித்து வைக்கவில்லை. அது மறுநாளும் செய்யக்கூடிய வேலை. நான் போய்க் கேட்டால் கௌதமன், "அப்ப குதிரைய வெச்சுக்க வாணாம், எட்துரு" என்றுதான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் அது நான் செய்ததிலேயே நல்ல பதிவு. அட்டையில் 'ஒலிப்பதிவு: சம்பந்தம்' என்று முதல்முறையாக அச்சடித்திருந்தார்கள். அதில் குதிரை இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் இல்லையென்று சொல்லிவிடுவார் என்பதற்காகவே கேட்கப் போகவில்லை. அந்தப் பதிவுக்கான பக்கத்தின் அடியில், வேகம் என்ற வரியில், வழக்கம்போல் என்று எழுதினேன். என் டைரிகளில் நான் எழுதிய ஒரே பொய் அது.

சனிக்கிழமை மதியம் கௌதமன் தன் கேசட்டைக் கேட்கக் கீழே இருந்த எங்கள் கம்பெனிக் கடைக்கு வந்தார். கடையில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்திப் பாட்டு வாங்க நின்றிருந்தாள். கடைப்பையன் நேராகக் குதிரையையே போட்டான். நான் மாடிப்படியில் நின்றேன்.

"ஐயே, ஜட்கா வண்டி கணக்கா கீதே!" என்றாள் அவள். "டக்கு டக்குன்னு சோக்கா ஓடுது. இன்னா பாட்டு நைனா இது?"

"குதிர பாட்டுக்கா" என்றார் கௌதமன்.

"அதான பாத்தேன். எங்கூட்டு பேரப்புள்ள கேட்டா குதிக்கும். ஒண்ணு குடு."

அவள் வாங்கிக்கொண்டு போனாள். தந்தி தொங்கவில்லை. இறுக்கிக் கட்டிய தந்திபோல் டிங் டிங்கென்று பேசியது. குளம்பு பிந்தவில்லை. குதிரை நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, சவாரிக்குக் கிளம்பியது போல் இருந்தது. கௌதமன் கடைசி வரை நின்று கேட்டார். முடிவில் என்னுடைய காகம், குருவிபோல் கீச்சென்றது.

படியேறி வந்தார். "இன்னா மாமு, குதிரைக்குக் கொள்ளு கிள்ளு வெச்சு இட்டாந்தியா? தெம்பா ஓடுது."

"டேப் பத்தல கௌதமன்."

"பத்தலன்னா வுட்டுட்டுப் போவ வேண்டியதான? ஹார்பர் கேட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாணாம்னு சொல்லியிருப்பேனே."

"அன்னிக்கு வேலை இருந்துச்சு."

"இன்னா வேல?"

"ஹெட் க்ளீனிங்."

அவர் சிரித்தார். கோபப்படுவார், கேசட்டைத் தூக்கி எறிவார், முதலாளியிடம் போவார் என்று மூன்று நாளாக நினைத்துவைத்திருந்தேன். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "சுத்தமா கீதா இப்போ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டர் நாடா இருந்தால் பிறகாவது திருத்தியிருக்கலாம். எங்கள் கம்பெனியில் நாடாவைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அடுத்த ஆடி மாத அம்மன் பாட்டு அதன்மேல்தான் பதிவானது. அழித்ததும் நான்தான். அதற்கும் டைரியில் ஒரு வரி இருக்கிறது.

ஐந்து வருடம் கழித்து, வைகாசிப் பௌர்ணமிக்கு வியாசர்பாடியில், அந்த விகாரத்தின் பின்புறம் விழா நடந்தது. கௌதமன் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சாயங்கால வெயிலில் பின்வரிசையில் நின்றேன். அதற்குள் கேசட் அந்தப் பக்கத்தில் ஆட்டோக்களிலும் டீக்கடைகளிலும் ஓடிப் பழகியிருந்தது. மேடையில் அவர் குதிரையைத் தொடங்கினார், உண்மையான நடையில், தந்தி தொங்க. ஒரு நிமிடம் ஆகியிருக்காது. முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணே, கேசட்ல வர்றாப்புல வாசிண்ணே! இன்னா தூக்கம் வந்துகினு கீதா?" கூட்டம் சிரித்தது. குழந்தைகள் கேசட்டின் வேகத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

கௌதமன் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கேப்போவை எடுத்து இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினார். கையோடு கொண்டுவந்திருந்தார். அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை. ஜட்கா வண்டி ஓடியது. குழந்தைகள் ஆடினார்கள். பின்சுவரில் வெள்ளைக் குதிரை தலை குனிந்து நின்றது.

இறங்கி வரும்போது என்னைப் பார்த்துவிட்டார். "வா மாமு. நீ தூக்குன அளவுக்கு நானும் தூக்கிட்டேன். சரியா கீதா?"

சரியாக இல்லை, ஒரு நூல் கூடுதல். அது என் காதுக்குத் தெரிந்தது. "நல்லா இருந்துது" என்றேன்.

அவர் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடமாகிறது. சாவு வீட்டில் அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு, "அந்த கேசட்ட மட்டும் எங்கூட்ல போட வுட மாட்டாரு சார்" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஜெசிந்தாவிடம் என்ன சொல்வது என்று பதினோரு நாள் யோசித்தேன். ரெண்டாவது ஃப்ரெட்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். மேடையில் அவரே அப்படி வாசித்ததைப் பார்த்த ஆள் நான். அது பொய்யும் ஆகாது. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டைரியிலிருந்து ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி என்பதை வாசித்தேன். கேசட்டில் அது சரியாக ஏழு நிமிடம். வித்தியாசத்தை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். வேகம் என்ற வரியில் நான் பொய் எழுதினேன். அதே பக்கத்தின் மேலே நான் எழுதிய நொடிகள் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

ஜெசிந்தா, "கம்ப்யூட்டர்ல வேகத்தை இறக்கிடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அன்று மாலையே இறக்கி, தொலைபேசியை ஒலிபெருக்கி அருகில் வைத்துக் கேட்கச் செய்தார். குளம்பு பிந்தி வந்தது. கடைசியில் காகம் காகமாகவே கத்தியது. கணினியில் நாடா கிடையாது, எவ்வளவு நீளமானாலும் கொள்ளும் என்று அவர் விளக்கினார். இரண்டு நிமிடம் ஐம்பது நொடிக்கு இடமில்லாமல்தான் அத்தனையும் நடந்தது.

இரண்டு பதிவையும் இணையத்தில் போட்டிருக்கிறார். வேகமானதைப் பலர் கேட்கிறார்கள். அவருடைய மாணவர்களும் அதைத்தான் பழகுகிறார்கள். "பசங்களுக்கு அதுதான் சார் புடிக்குது" என்று வருத்தமாகச் சொன்னார். மெதுவானதன் கீழே இதுவரை ஒரே ஒரு ஆள் எழுதியிருக்கிறார். முந்தாநாள் ஜெசிந்தா எனக்கு அதை வாசித்துக் காட்டினார்: பதிவில் கோளாறு இருக்கிறது, நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, தயவுசெய்து சரி பண்ணிப் போடவும்.

முதலாளி இறந்து நாலு வருடமாகிறது. இல்லையென்றால் எழுதியது அவர்தான் என்று நினைத்திருப்பேன்.